தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா: விமானப் பயணம் எங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் வெளிநாட்டு விமானம் ஏறும் நிலையம் கிடையாது. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே இல்லை. அதனால் பாங்காக் போவதானாலும் பாலி போவதானாலும் பயணத்தின் முதல் கட்டம் நெடுஞ்சாலையில்தான். பயணம் கெடுவது பெரும்பாலும் இரண்டு கட்டங்கள் ஒட்டும் இடத்தில்: வீட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவில், முதல் விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் டிக்கெட்டில் உள்ள பெயருக்கும் நடுவில். அந்த இடங்களைப் பற்றித்தான் கீழே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

எந்த ஏர்போர்ட்டில் ஏறுவது நல்லது?

கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்தவர்களுக்குப் பெங்களூர் தேவனஹள்ளிதான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து இன்னும் 45 முதல் 50 கிலோமீட்டர் கூடும். சென்னை ஏர்போர்ட் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். தூரம் இரண்டு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்காகாது. வாணியம்பாடி, வேலூர் வழியாக நான்கு வழிச் சாலையில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம்; எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடவும் முடியும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போகும் தருமபுரிக்காரர்கள் திருச்சியையும் பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் வழியாக 200 கிலோமீட்டர் சொச்சம். சின்ன ஏர்போர்ட், கூட்டம் குறைவு, முதல்முறை பறக்கும் வயதானவர்களுக்கு நடை குறைவு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து போக்குவரத்து நிற்பது அடிக்கடி நடப்பதால் அந்த வழிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். சேலம் விமான நிலையம் உள்நாட்டுச் சேவைக்கு மட்டும்.

டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.40 என்று இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

14-ஆம் தேதி மதியம். விமானத்தைத் தவறவிடுபவர்களில் ஒரு பகுதியினர் இந்த ஒரு விஷயத்தில்தான் தவறுகிறார்கள். 00.40 என்பது 14-ஆம் தேதி இரவு பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிடம். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட் கைக்கு வந்ததும் காலண்டரில் "14 மதியம் கிளம்பணும்" என்று எழுதுங்கள். 15 என்று எழுதவே வேண்டாம்.

இனி மணிக்கணக்கு. வெளிநாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுன்ட்டர் பொதுவாக மூன்று மணி நேரம் முன்பு திறந்து, ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். சில நிறுவனங்கள் 75 நிமிடத்துக்கு முன்பே மூடுகின்றன. 00.40 விமானத்துக்கு 9.40-க்குத் திறந்து 11.40-க்கு மூடும். 11.45-க்கு ஓடி வந்து நின்றால், விமானம் கண்ணுக்கு எதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். கவுன்ட்டருக்குப் பிறகு குடியேற்றப் பிரிவு, பாதுகாப்புச் சோதனை, அப்புறம் கேட். கேட்டும் 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடும்.

சாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் போதும். சிக்கல் அத்திப்பள்ளி தாண்டித்தான். மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை சில்க் போர்டு சந்திப்பும் ஹெப்பாள் மேம்பாலமும் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். ஓசூரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு சாதாரண நேரத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். மாலையில், மழையும் சேர்ந்தால், மூன்றரை மணி நேரம் ஆகலாம். ஆகவே இரண்டே வழிதான். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி நாலரைக்குள் சில்க் போர்டைத் தாண்டிவிட்டு, ஏர்போர்ட்டில் போய் உட்காருவது ஒன்று. நாலரைக்குக் கிளம்பி நெரிசலோடு ஊர்ந்து ஒன்பதரைக்குச் சேர்வது மற்றொன்று. குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் முதல் வழியே நல்லது. காரில் நாலு மணி நேரம் பதறுவதைவிட ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் காத்திருப்பது எவ்வளவோ மேல். தருமபுரிக்காரர்கள் இந்த நேரங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

நகருக்குள் நுழையாமல் அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஒசக்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி போகும் சாலையும் உண்டு. ஒசக்கோட்டைக்கு அப்பால் சாலை அகலம், நன்றாக ஓட்டலாம். அதற்கு முன்னால் உள்ள பகுதியில் லாரி நெரிசல் உண்டு. பகலில் நல்ல வழி. பழக்கமில்லாத டிரைவரோடு இரவில் வேண்டாம்.

பெங்களூரில் 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாவது டெர்மினலிலிருந்து போகின்றன. டிரைவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பஸ்ஸில் போக முடியாதா?

முடியும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால், அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு வாயு வஜ்ரா ஏசி பஸ் உண்டு. மெஜஸ்டிக்கிலிருந்தும் உண்டு. ஆளுக்கு ஒரு பெட்டி, பகல் நேர விமானம் என்றால் சரி. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ சில்க் போர்டு நெரிசலுக்கு மேலே போகிறது என்றாலும், அது ஏர்போர்ட் வரை போகாது. நாலு பெட்டி, இரண்டு குழந்தைகளோடு மாறி மாறி ஏறுவது சிரமம்.

வாடகைக் காரை ஏற்பாடு செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

கர்நாடகாவுக்கான பர்மிட், வரி எல்லாம் கட்டியாயிற்றா என்று முந்தின நாளே கேளுங்கள். அத்திப்பள்ளியில் வண்டியை ஓரம் கட்டி அதைச் சரிசெய்யும் நேரம் உங்கள் நேரம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், ஏர்போர்ட் சாலை என்று டோல் வரிசையாக வரும். ஆறு பேர் போனால் ஏழு சீட் வண்டியில் பெட்டிகளுக்கு இடம் இருக்காது. மேலே கேரியர் உள்ள வண்டி, அதோடு தார்ப்பாய்.

காவிரிப் பிரச்சினை, பந்த் என்றால்?

அந்த நாட்களில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பரிலும் அப்படித்தான் ஆனது. பந்த் அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். பந்த் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்றால் முந்தின இரவே எல்லையைத் தாண்டி, தேவனஹள்ளி பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். அறை வாடகை, தவறவிட்ட டிக்கெட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதற்கும் வழியில்லை என்றால் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, சென்னையிலிருந்து புறப்படும்படி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களாகச் சென்னையில் போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயர் கட்டம் காலி. டிக்கெட்டில் என்ன எழுதுவது?

நம் பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு உள்ள சிக்கல் இது. இனிஷியலோடு வாழ்கிறோம்; டிக்கெட் போடும் கணினியோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே நகராது. அந்த அவசரத்தில் ஏஜென்ட் அப்பா பெயரை அடித்துவிடுவார். பாஸ்போர்ட்டில் அது பெயரின் பகுதியாக இல்லை என்றால், கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள்.

முதலில் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தை எடுத்துக் கீழே உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். அம்புமுனை போன்ற குறிகள் நிறைந்த வரிகள். கவுன்ட்டரில் இருக்கும் இயந்திரம் படிப்பது இந்த வரிகளைத்தான். முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், இரண்டு அம்புமுனை, பிறகு சொந்தப் பெயர் என்று வரும். பெயர் ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒரு பெயரும் அதன் பிறகு வெறும் அம்புமுனைகளும்தான் இருக்கும். டிக்கெட் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. சிலர் இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதச் சொல்வார்கள். சிலர் குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயரையும், சொந்தப் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்ற மூன்றெழுத்தையும் போடச் சொல்வார்கள். அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒற்றைப் பெயர் பற்றிய குறிப்பு இருக்கும். அதைப் படித்து அப்படியே செய்யுங்கள். இரண்டு நிறுவனங்களின் விமானம் சேர்ந்த டிக்கெட் என்றால், விற்ற நிறுவனத்தின் முறைதான்.

எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால் அதே ஆளின் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. ஏஜென்டிடம் எடுத்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாமல் போகலாம். அதனால் அவர் அனுப்பும் டிக்கெட்டை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் முழுவதும் கொடுங்கள்.

துபாய், அபுதாபி, ஷார்ஜா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் அதைக் கணக்கில் கொள்வதாகப் பிறகு ஒரு தளர்வும் வந்தது. ஆனாலும் விசா கேட்பதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது வெளிநாடு போகும் குடும்பம் என்றால், பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துப் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

அப்பா பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கிறது. சுற்றுலா போக விடுவார்களா?

விடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்று இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த முத்திரை, மலேசியா, வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. சுற்றுலாவுக்குத் தனி அனுமதி தேவையில்லை. வேலைக்குத்தான் போகிறாரோ என்ற சந்தேகத்தில் குடியேற்றப் பிரிவில் கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, கூட வரும் பிள்ளையின் பாஸ்போர்ட் மூன்றையும் அப்பா கையிலேயே கொடுங்கள். குடும்பமாகப் போனால் ஒரே கவுன்ட்டரில் சேர்ந்து நில்லுங்கள்.

தனியாகப் போகும் இளைஞர்களிடம் இந்தக் கேள்விகள் அதிகம். தாய்லாந்துக்குச் சுற்றுலா என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கும்பல்கள் இருப்பதே காரணம். "டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்கே வேலை போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் விமானம் ஏறவே ஏறாதீர்கள்.

விசா தேவையில்லாத நாட்டுக்கு வேறு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதே போன்ற அட்டை உண்டு. மூன்றையும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்தந்த அரசின் தளத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல. சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசாவும் தேவை. வருகை அட்டை விசாவுக்குப் பதில் ஆகாது. பாஸ்போர்ட் காலாவதியாகக் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களை நம் ஊர் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு விமானமாகப் பிரித்து எடுத்தால் விலை குறைகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், விலை ஏன் குறைகிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஒரே பதிவு எண்ணில் பெங்களூர், கோலாலம்பூர், பாலி என்று டிக்கெட் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேராகப் பாலிக்குப் போகும். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களை "வராதவர்" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடும்.

வேலையும் கூடுகிறது. கோலாலம்பூரில் இறங்கி, மலேசியாவின் குடியேற்றப் பிரிவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, டெர்மினல் மாற வேண்டியிருந்தால் ரயில் ஏறி, மறுபடி செக்-இன் செய்து, மறுபடி குடியேற்றம், மறுபடி சோதனை. இடைநிற்கும் நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். பாங்காக்கில் சுவர்ணபூமி, டோன் முவாங் என்று இரண்டு ஏர்போர்ட், நகரின் இரண்டு பக்கத்தில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும் டிக்கெட்டைக் குறைந்த விலை என்று எடுத்தால், நடுவில் டாக்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஒரு இரவு தங்கிப் போவது இன்னும் நிம்மதி.

நேரக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. டிக்கெட்டில் அச்சிட்ட நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். பெங்களூரில் 00.40-க்குக் கிளம்பிக் கோலாலம்பூரில் 07.40-க்கு இறங்குவது ஏழு மணி நேரப் பயணம் அல்ல, நாலரை மணி நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இறங்கியதும் கைக்கடிகாரத்தை மாற்றுங்கள். அடுத்த விமானத்தை இந்திய நேரத்தை நம்பித் தவறவிடுவது உண்டு.

கடைசியாக ஒன்று. போகும் விமானத்தைத் தவறவிட்டு, வேறு டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தால், அதே பதிவு எண்ணில் உள்ள திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகியிருக்கும். முதல் விமானம் தவறியதுமே நிறுவனத்தைக் கூப்பிட்டு, திரும்பும் பயணத்தை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

ஊறுகாய், பொடி, பலகாரம் எடுத்துப் போகலாமா?

பெட்டியில் போகலாம். ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் கைப்பையில் மறிக்கப்படும். திரவமும் பசை போன்றவையும் கைப்பையில் 100 மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒரு தெளிவான பைக்குள் அடங்க வேண்டும்.

பெட்டியில் ஊறுகாய் ஒழுகுவதற்குக் காரணம், மேலே போனதும் காற்றழுத்தம் குறைவது. ஜாடிக்குள் மிச்சமிருக்கும் காற்று விரிந்து, மூடி இடுக்கு வழியே எண்ணெயைத் தள்ளிவிடும். ஆகவே திருகு மூடி ஜாடியில் காற்று குறைவாக இருக்கும்படி நிரப்புங்கள். வாயில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியைத் திருகி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஒரு ஜிப் கவர், அதற்கு மேல் இன்னொரு ஜிப் கவர், இரண்டிலும் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே வையுங்கள். கன்வேயரில் பெட்டி படுக்கும், கவிழும். எப்படி வைத்தாலும் நிமிர்ந்தே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் சில பொருட்கள் பெரிய தொல்லை தரும். முதலாவது கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் அதைக் கொண்டுபோவது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும் விஷயம். தனியாக எடுக்காவிட்டாலும், வீட்டில் அரைத்த குருமா மசாலாப் பொடியில் இருந்தால் அதுவும் கணக்குதான். கேட்டு உறுதி செய்யாமல் எந்த மசாலாப் பொடியையும் பெட்டியில் போடாதீர்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் 2022-லேயே பெட்டியில் வைக்கத் தடை வந்துவிட்டது. கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர் கூடாது. வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை.

மாம்பழ சீசனில் சொந்தக்காரர்களுக்கு ஒரு பெட்டி செந்தூரா எடுத்துப் போக ஆசை வரும். புதுப் பழம், காய், விதை, செடிக்குப் பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சொல்லாமல் கொண்டுபோனால் அங்கேயே அபராதம். அந்த நாடுகளுக்கு எந்த உணவு கொண்டுபோனாலும் வருகை அட்டையில் "ஆம்" என்று குறியுங்கள்; குறித்துவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். கருவாடும் இறைச்சி ஊறுகாயும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பவர் பேங்க், மருந்து?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பெட்டியில் வைத்தால் ஸ்கேனில் தெரிந்து உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள்; அதற்குள் நேரம் போய்விடும். அளவு 100 வாட்-அவர் வரை. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74, சரி. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பறித்துக்கொள்வார்கள். 2025 முதல் தாய் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கின்றன. ஆகவே கேட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போனை முழுக்கச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

மருந்து, குறிப்பாக இன்சுலின், கைப்பையில். பெட்டி தொலைந்தாலும் கையில் இருக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடவும் கூடும். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மாத்திரைகள் அதன் அட்டையோடு. டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி தேவை.

விமானம் தாமதம், ரத்து என்றால் எனக்கு என்ன உரிமை?

இந்திய விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதமானால், இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் மூன்று மணி நேரத் தாமதமானால், அதற்கு மேல் நீளும் பயணத்தில் நாலு மணி நேரத் தாமதமானால், சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். கவுன்ட்டரில் போய்க் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், இரவு எட்டிலிருந்து அதிகாலை மூன்றுக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஓட்டல் அறை தர வேண்டும். பெங்களூரிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் இந்த இரவு நேரத்தில்தான் கிளம்புகின்றன என்பதால் இந்த விதியை நினைவில் வையுங்கள்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது இழப்பீடு. இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்று உங்களை ஏற்றாமல் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று தராமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால் 10,000 வரை, அதையும் தாண்டினால் 20,000 வரை. மூடுபனி, புயல், கலவரம் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படியும் இழப்பீடு தரலாம்.

எதைக் கேட்டாலும் கையில் ஆதாரம் வேண்டும். அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுங்கள், வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், தாமதத்துக்கு என்ன காரணம் என்று எழுதி வாங்குங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார் போடலாம். நீங்களே விமானத்தைத் தவறவிட்டாலும் டிக்கெட்டில் உள்ள வரிகளையும் ஏர்போர்ட் கட்டணங்களையும் திருப்பிக் கேட்கலாம். பலரும் கேட்பதே இல்லை.

பனி என்றால் விமானம் எங்கே போகும்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலையில் தேவனஹள்ளியில் மூடுபனி உண்டு. இறங்க முடியாத விமானங்களைச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பிவிடுவார்கள். சென்னையில் இறங்கியதும் "இங்கிருந்து கிருஷ்ணகிரி போய்விடலாமே" என்று தோன்றும். பெட்டி உள்ளேயே இருக்கும், குடியேற்ற நடைமுறையும் முடிந்திருக்காது. அதனால் பெரும்பாலும் இறக்கிவிட மாட்டார்கள். அந்த மாதங்களில் அதிகாலை விமானம் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓசூர் பக்கம் சாலையிலும் பனி இருக்கும். ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

பெல்ட் நின்றுவிட்டது, என் பெட்டி வரவில்லை. என்ன செய்வது?

சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியே போகாதீர்கள். பெட்டி எடுக்கும் அந்தக் கூடத்திலேயே நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்ட்டர் இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணோடு பிரதி வாங்குங்கள். வெளியே வந்த பிறகு சொல்லும் புகாருக்கு மதிப்புக் குறைவு.

கவுன்ட்டரில் அவர்கள் கேட்பது, செக்-இன் செய்தபோது தந்த சின்ன ஸ்டிக்கரில் உள்ள பத்து இலக்க எண். போர்டிங் பாஸின் பின்னால் அதை ஒட்டியிருப்பார்கள். சீட் எண் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஸ்டிக்கரில் பெட்டி எந்த ஊர் வரை போகிறது என்பதற்கு மூன்றெழுத்து இருக்கும். செக்-இன் செய்யும்போதே அதைப் பாருங்கள்: பெட்டி கடைசி ஊருக்குப் போக வேண்டுமானால் கடைசி ஊரின் எழுத்து இருக்க வேண்டும். நடு ஊரின் எழுத்து இருந்தால் பெட்டி நடுவிலேயே இறங்கிவிடும். பழைய பயணத்தின் ஸ்டிக்கர்களைப் பெட்டியிலிருந்து உரித்துவிடுங்கள். இயந்திரம் பழைய கோட்டைப் படித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதுண்டு.

பெட்டியைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வீட்டிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். கறுப்பு நிறப் பெட்டி என்று சொன்னால் ஆயிரம் பெட்டி பொருந்தும். கைப்பிடியில் கட்டிய சிவப்புத் துணியும் போட்டோவும் இருந்தால் தேடுவது சுலபம். உள்ளேயும் உங்கள் பெயர், போன் நம்பர் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும், வெளி அட்டை பிய்ந்துபோகும். நாலு பேர் போனால் ஒவ்வொருவரின் ஒரு செட் துணியை மற்றவர் பெட்டியில் மாற்றி வைத்தால், ஒரு பெட்டி போனாலும் எல்லோருக்கும் உடுக்கத் துணி இருக்கும்.

புகாருக்கான காலக்கெடு: பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதலாம். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர் வரை, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து உச்சவரம்பு. அது தானாகக் கையில் வந்து விழும் தொகை அல்ல. உள்ளே இருந்த பொருளின் மதிப்பைக் காட்ட வேண்டும். பெட்டி வரும்வரை வாங்கும் அவசியமான துணி, பிரஷ், செருப்புக்கான பில்லையும் சேர்த்துக் கேட்கலாம். நகை, பணம், பாஸ்போர்ட், லேப்டாப் பெட்டியில் இருந்தது என்றால் பெரும்பாலும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கையில் எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம்?

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை; அதற்கு மேல் தேவையானதை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் அட்டை) போட்டுக்கொள்ளலாம். இந்திய ரூபாய் 25,000 வரை. வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ மாற்றி, ரசீதை வைத்திருங்கள். பணத்தை ஒரே ஆளிடம் வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால்?

முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், அதன் நகல். பிறகு இந்தியத் தூதரகம். அவசரம் என்றால் இந்தியா திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. அதன் பிறகு அந்த நாட்டுக் குடியேற்றத் துறையில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டோடு நுழைவு முத்திரையும் போய்விட்டதே. இதற்கெல்லாம் சில நாட்கள் ஆகும். வார விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் கூடும். பாஸ்போர்ட்டின் இரண்டு பக்க நகல், நுழைவு முத்திரையின் போட்டோ, நாலு பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவற்றை வேறு பையில் வையுங்கள். ஊரில் உள்ள ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

பயணக் காப்பீடு வேண்டுமா?

வேண்டும். மருத்துவச் செலவுக்காக மட்டுமாவது எடுங்கள். பாலிசியில் இரண்டு வரி பாருங்கள்: எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் சிகிச்சை அடங்குமா. பெற்றோரை அழைத்துப் போகும்போது இரண்டாவது வரிதான் முக்கியம்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

பெட்டி பெல்ட்டில் வந்ததும் சக்கரம், கைப்பிடி, பூட்டைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே புகார். தீர்வை கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி. போகும்போது அணிந்து சென்ற தங்கத்தை வாங்கி வந்தது என்று சந்தேகிக்காமல் இருக்க, புறப்படும்போதே சுங்கப் பிரிவில் காட்டிச் சான்று வாங்கி வையுங்கள். பில்லும் போட்டோவும் கூட இருக்கட்டும்.

பெங்களூரில் நள்ளிரவில் இறங்கி அப்படியே ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டிரைவரைப் பற்றி யோசிக்க வேண்டும். மாலையிலிருந்து ஏர்போர்ட்டில் காத்துக் கிடந்த டிரைவர், அதிகாலை மூன்று, நாலு மணிக்கு மேலுமலை இறக்கத்தில் கண் அசரும் நிலையில் இருப்பார். விமானம் தாமதம் என்று தெரிந்தால் உடனே அவருக்குச் சொல்லித் தூங்கவையுங்கள். கூட வருபவர்களில் ஒருவர் முன் சீட்டில் விழித்திருக்கட்டும். ஓசூரிலோ சூளகிரியிலோ வண்டியை நிறுத்தி டீ குடித்து, டிரைவர் முகம் கழுவிய பிறகு கிளம்புங்கள். அவர் கண் சிவந்திருந்தால் ஓசூரிலேயே இரண்டு மணி நேரம் வண்டியை ஓரம் கட்டித் தூங்கச் சொல்லிவிட்டு, விடிந்த பிறகு வாருங்கள்.